கையடக்கப் பள்ளிக்கூடம்: யாருக்காகக் கட்டுவது?



உங்கள் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால், கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை நிச்சயம் வந்திருக்கும். 'கீழ்க்கண்ட செயலியை உங்கள் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளவும். வீட்டுப்பாடம், மாதிரித் தேர்வு, பாட விளக்கப் படங்கள் அனைத்தும் இனி அதன் வழியாகவே தரப்படும்' என்று அதில் இருக்கும். நாமும் இறக்கிக்கொள்கிறோம். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் கேட்கிறது. கொடுக்கிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கடவுச்சொல் நினைவில் இல்லை. பிள்ளை பாட்டியின் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெரும்பாலான பெற்றோர், 'எங்களுக்கு இதெல்லாம் வராது சார்' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். பாடம் புரியாததற்கு முன்பே, பாடம் இருக்கும் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பத்து வயதுக் குழந்தை தன்னை மந்தம் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்! குறை குழந்தையிடம் இல்லை. கதவைச் செய்தவரிடம் இருக்கிறது. இந்த ஒரு கருத்தை விளக்கத்தான் இக்கட்டுரை.

நான் மென்பொருள் எழுதியவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு பொருளைப் பலதரப்பட்ட மனிதர்கள், பலவித நிலைமைகளில், தவறில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்றால் அதை எப்படி அமைப்பது என்பதுதான் எங்கள் பிரிவின் அன்றாடக் கவலை. அந்தக் கண்ணோடு பார்க்கையில், பள்ளிகளுக்கான டிஜிட்டல் கற்றல் தளங்களைப் பற்றிச் சில செய்திகள் சொல்லத் தோன்றுகிறது.

பலவீனமான பாலமே அளவுகோல்

ஒரு ரயில் பாதையில் எவ்வளவு பாரமான வண்டியை, எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அந்தப் பகுதியில் உள்ள மிக உறுதியான பாலத்தைப் பார்த்து அல்ல. மிகப் பலவீனமான பாலம் எதுவோ, அது தாங்கும் அளவுதான் கணக்கு. மற்ற 20 பாலங்கள் புத்தம் புதியவையாக இருந்தாலும் பயனில்லை.

கற்றல் தளங்களை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் உறுதியான பாலத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் மேசையில் பெரிய திரை இருக்கிறது, அறுபடாத இணையம் இருக்கிறது, குளிரூட்டிய அறை இருக்கிறது. அங்கே எல்லாம் அழகாக ஓடுகிறது. நம் பிள்ளைகள் இருக்கும் இடம் வேறு.

மும்பை தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தந்தை விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தோடு வியாபாரத்துக்குப் புறப்பட்டுவிடுவார். வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். வாடிக்கையாளர்கள் பணம் அனுப்புவது அதில்தான் என்பதால், அது அவரோடு போய்விடும். மாலையில் அவர் திரும்பிய பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் முறை வைத்து அரை அரை மணி நேரம். பேட்டரியோ அதற்குள் பாதிக்கும் கீழே. அந்த அரை மணி நேரத்தில் பத்து நிமிடம், செயலியைப் புதுப்பிக்கவும் கடவுச்சொல்லைத் தேடவும் போய்விட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் நடத்தும் 'அசர்' ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2020இல் அது 61.8 சதவீதமாக உயர்ந்தது. வளர்ச்சி பெரிதுதான். ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு, அது பிள்ளையின் கையில் இருப்பது வேறு. அதே அமைப்பு 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் 2023இல் நடத்திய ஆய்வில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் சொந்தமாக வைத்திருந்த ஆண் பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம். ஆகவே 'ஒரு மாணவர், ஒரு போன்' என்று எண்ணிக் கட்டப்படும் தளம், முதலில் கைவிடுவது நம் பெண் குழந்தைகளைத்தான்.

அந்தத் தாராவி வீட்டை மனத்தில் வைத்துக் கட்டினால் வடிவமைப்பே மாறிவிடும். ஒரே போனில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் வேண்டும். பெயரைத் தொட்டதும் அவரவர் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும். பழைய, விலை குறைந்த போனிலும் ஓட வேண்டும். பத்து நிமிடம் கிடைத்தாலும் ஒரு முழுக் கருத்தைக் கற்று முடிக்கும்படி பாடங்கள் சிறு துண்டுகளாக இருக்க வேண்டும். இப்படி அமைத்த தளம் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் நன்றாகவே உழைக்கும்.

பாடப்புத்தகமே வாசற்படி

நம் நாட்டில் நடந்த ஒரு நல்ல முயற்சியைச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 'திக்‌ஷா' தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் ஆசிரியர்களை மனத்தில் கொண்டு தொடங்கிய அது, பின்னர் மாணவர்களுக்கும் விரிந்தது. எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய 'சன்பேர்ட்' என்னும் திறந்த மூல மென்பொருளின் மீது அது கட்டப்பட்டது. மாநிலங்கள் தத்தம் பாடங்களை அதில் ஏற்றலாம்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு மிக எளிய ஏற்பாடு. பாடப்புத்தகத்தின் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைச் சதுரம் அச்சிட்டிருப்பார்கள். கியூ.ஆர். குறியீடு என்கிறோமே, அதுதான். போனின் கேமராவை அதன் எதிரே காட்டினால், அந்தப் பாடத்துக்கு உரிய விளக்கப் படமும் பயிற்சியும் நேராகத் திறக்கும். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலேயே இக்குறியீடுகள் இடம் பெற்றன.

இதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கமான பொருள் பாடப்புத்தகம். அதையே வாசற்படி ஆக்கிவிட்டார்கள். 'முகப்புக்குப் போ, பட்டியலைத் திற, பாடத்தைத் தேர்ந்தெடு, அலகைத் தேடு' என்ற அலைச்சல் இல்லை. தேடுவதற்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்தக் குறியீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காண 1994இல் இதை உருவாக்கியது. தொழிற்சாலையில் எண்ணெய்க் கறையும் அழுக்கும் படும் அல்லவா? அதனால் குறியீட்டின் ஒரு பகுதி சிதைந்தாலும் மீதியைக் கொண்டு படித்துக்கொள்ளும் திறனை அதற்குள்ளேயே வைத்தார்கள். மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சிதைவைத் தாங்கும். குழம்புக் கறை படிந்த நம் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சதுரத்தின் அடியில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு குறியீடு அச்சாகியிருக்கும். கேமரா கெட்டுப்போன போனாக இருந்தால், அந்த ஆறையும் தட்டினால் போதும். அதே பாடம் திறக்கும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி. இதைச் சிந்தித்தவர் யாரோ, அவர் குழந்தைகள் வாழும் வீட்டைப் பார்த்தவர் என்றே சொல்வேன்.

இரண்டு பொத்தான்கள் போதும்

பழைய காலத்துச் சிக்னல் கேபினைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வரிசையாக நெம்புகோல்கள் நிற்கும். ஒரு வண்டியை மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வாங்க வேண்டுமானால், ஒவ்வொரு பாயின்ட்டாக மாற்றி, பூட்டி, கடைசியில் சிக்னலை இறக்க வேண்டும். பிற்பாடு ரூட் ரிலே இன்டர்லாக்கிங் என்ற முறை வந்தது. அதில் வண்டி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பொத்தான், எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு பொத்தான். இரண்டையும் அழுத்தினால் நடுவே உள்ள பாயின்ட்டுகள் அனைத்தையும் ரிலேக்கள் தாமே சரிபார்த்து, மாற்றி, பூட்டிவிடும். முரணான பாதையைக் கேட்டால் கொடுக்காது.

வேலை குறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாயின்ட்டுகள் அத்தனையும் அப்படியேதான் இருக்கின்றன. சிக்கலை மனிதனின் தலையிலிருந்து எடுத்து இயந்திரத்தின் தலையில் வைத்தார்கள். எளிமை என்பது இதுதான். திரையில் மயில் படம் போட்டு, பொம்மையை ஆட வைப்பதை எளிமை என்று சில நிறுவனங்கள் விற்கின்றன. ஆடும் பொம்மையைத் தாண்டிக் கணக்குப் பாடத்துக்குப் போக ஏழு முறை தட்ட வேண்டியிருந்தால் அது எளிமை ஆகாது.

ஆசிரியரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கற்றல் தளத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்தான். 45 மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 'ஏழாம் வகுப்பு, பின்னங்கள்' என்று இரண்டைச் சொன்னால் படம், பயிற்சித் தாள், சிறு தேர்வு மூன்றும் அவர் முன் வந்து நிற்க வேண்டும். தேர்வு முடிந்ததும், யாருக்கு எந்த இடத்தில் சறுக்கியது என்பது ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. வருகைப் பதிவை ஒரு செயலியில், மதிப்பெண்ணை இன்னொன்றில், இவை அத்தனையையும் மறுபடி பதிவேட்டில் என்று ஆசிரியரை எழுத்தராக்கிவிடுகிறார்கள். ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தாத தளம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் மூன்றே மாதத்தில் தூசு படிந்துவிடும்.

கம்பி அறுந்தால் சிவப்பு

சிக்னல் துறையின் முதல் பாடம் ஒன்று உண்டு. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போது அது ஆபத்தில்லாத பக்கமாக விழ வேண்டும். கம்பி அறுந்தால், மின்சாரம் போனால், ரிலே தன் எடையாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். வண்டி நிற்கும். தாமதம் ஆகலாம், உயிருக்குச் சேதம் இல்லை.

கற்றல் தளத்துக்குச் சிவப்பு விளக்கு எது? இணையம் போனால் பாடம் போகக் கூடாது. குழந்தை செய்த பயிற்சி அழியக் கூடாது. இவ்விரண்டும்தான். பத்துக் கணக்குகளில் எட்டைப் போட்டு முடித்த நேரத்தில் இணைப்பு அறுந்து, திரும்பி வந்ததும் 'முதலிலிருந்து தொடங்கவும்' என்று காட்டினால் எந்தக் குழந்தை மறுபடி உட்காரும்? விடைகள் போனிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் தாமே போய்ச் சேர வேண்டும். திக்‌ஷா செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலே படிக்கலாம். பக்கத்து வீட்டுப் போனுக்கும் பகிரலாம். இத்தகைய வசதி ஒவ்வொரு தளத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பயன்பாட்டு எளிமை பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர், 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறித்தார். தொட்டதும் 0.1 வினாடியில் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடி வரை சிந்தனை அறுபடாது. 10 வினாடி தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும். பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும்? ஆகவே பெரிய வீடியோவைவிட, எழுத்தும் ஓரிரு படங்களும் சிறு ஒலிப்பதிவும் பல நேரங்களில் மேல்.

இணையமே இல்லாத வீட்டுக்கு என்ன வழி? இதற்கு விடை நம் நாட்டிலேயே 50 ஆண்டுகளுக்கு முன் தேடப்பட்டது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. 'சைட்' என்று அதற்குப் பெயர். காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே தனி நிகழ்ச்சிகள் இருந்தன. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு பேட்டரியில் ஓடும் பெட்டிகள். பெட்டி பழுதானால் சரிசெய்யத் தனி ஏற்பாடு. கருவியை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது, அதைக் காப்பாற்ற ஆளும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அந்த மரபின் தொடர்ச்சிதான் 2020இல் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் கைகொடுத்தது. கேரளம் ஜூன் 1ஆம் தேதியே விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2019இலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி இருந்தது. மத்திய அரசு 2020 மே மாதம் அறிவித்த பி.எம். இ-வித்யா திட்டத்தில் வகுப்புக்கு ஓர் அலைவரிசை வீதம் 12 அலைவரிசைகள் வந்தன. அவற்றை 200 ஆக்குவதாக 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே பாடம் புத்தகத்தில், போனில், தொலைக்காட்சியில் என்று மூன்று வழியிலும் கிடைத்தால், எந்த வழி அறுந்தாலும் பிள்ளை நடுவழியில் நிற்காது.

யாரையும் திருப்பி அனுப்ப முடியாது

ரயில்வேக்கும் பள்ளிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரை நாங்கள் ரயில் ஓட்ட அனுமதிப்பதில்லை. கண் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவோம். ஸ்டேஷன் மாஸ்டரும் பயிற்சி பெற்று, தகுதிச் சான்று வாங்கிய பிறகுதான் பேனலில் கை வைக்க முடியும். பயன்படுத்துகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இருந்தது. பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. வந்து நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் அதன் பிள்ளைதான்.

ஆகவே சரியான விடைக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கூடவே ஒரு குறியும் சொல்லும் வேண்டும். எழுத்து பெரிதாக, பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதியோடு தளம் ஒத்துப்போக வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு வீடியோவின் அடியில் எழுத்து ஓட வேண்டும். சைகை மொழி இருந்தால் இன்னும் நல்லது. இவற்றைக் கடைசியில் ஒட்டுப்போட முடியாது. வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

மொழியும் இப்படித்தான். நம்மைப் போல் வெளிமாநிலங்களில் வாழும் குடும்பங்களில் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது. தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகிறது. தாய்க்கோ தமிழ் மட்டுமே சரளம். பாடம் எந்த மொழியில் இருந்தாலும், பெற்றோருக்கான குறிப்பு அவர்கள் மொழியில் வர வேண்டும். 'உங்கள் மகள் பின்னக் கூட்டலில் தடுமாறுகிறாள், இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்ய வையுங்கள்' என்று தமிழில் ஒரு வரியும், அதைப் படித்துக் காட்டும் ஒலியும் இருந்தால், நாலாம் வகுப்போடு நின்ற அம்மாவும் மகளின் படிப்பில் பங்கு கொள்வார். இப்போது அவரிடம் கேட்பது ஓ.டி.பி. எண் ஒன்றைத்தான்.

குழந்தையின் விவரம் விற்பனைச் சரக்கு அல்ல

எளிதாக இருந்தால் மட்டும் போதாது, நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் வெளியான ஒரு செய்தி பலருக்கும் நினைவிருக்கலாம். திக்‌ஷாவில் இருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்கள் ஆகியோரின் விவரங்கள் பாதுகாப்பற்ற கணினிச் சேமிப்பில் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்தன என்பதே அது. நல்ல தளத்திலும் இப்படி ஓட்டை விழக்கூடும்.

இதற்குச் சிறந்த பாதுகாப்பு, தேவையில்லாததைக் கேட்காமலே இருப்பது. பாடம் பார்க்கப் பிறந்த தேதி எதற்கு? இருக்கும் இடம் எதற்கு? திக்‌ஷாவிலேயே பெரும்பாலான பாடங்களைப் பெயர் பதியாமல் பார்க்க முடிகிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுக்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும், சில விலக்குகளோடு, கூறுகிறது. ஆகவே பள்ளியிடம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, நம் உரிமை.

சோதனை ஓட்டம்

புதிய பாதையைப் போட்டதும் பயணி வண்டியை ஓட்டிவிட மாட்டார்கள். சோதனை ஓட்டம் உண்டு, பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு உண்டு. கற்றல் தளத்துக்கும் அது வேண்டும். செலவு அதிகம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மேலே சொன்ன நீல்சன் காட்டிய கணக்குப்படி, ஐந்தே ஐந்து பேரைப் பயன்படுத்த வைத்து அருகில் உட்கார்ந்து கவனித்தாலே, ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் வெளிப்பட்டுவிடும். திருத்திவிட்டு இன்னும் ஐவரிடம் கொடுக்கலாம்.

ஆனால் அந்த ஐவர் யார் என்பதுதான் முக்கியம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை அழைத்து வந்து செய்து காட்டுவது சோதனை அல்ல, கண்காட்சி. ஊர் மாறிப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, வீட்டில் போன் பகிர்ந்துகொள்ளும் பெண் குழந்தை, கண் பார்வை குறைந்த மாணவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே உள்ள ஆசிரியர், படிப்பு அதிகம் இல்லாத ஒரு தாய் – இந்த ஐவரும் உதவி கேட்காமல் பாடத்தைத் திறந்து, ஒரு பயிற்சியை முடித்துவிட்டால் தளம் தேறியது. அவர்கள் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டிச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் பயன்படுத்தவில்லை என்றால் அவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2024ஆம் ஆண்டு அசர் ஆய்வில், ஊரகப் பகுதியில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பாக ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகத்தை நுழைவதற்கு எளிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். பாடத்துக்கும் அந்த அக்கறையைக் காட்டலாமே!

நாம் செய்யக் கூடியவை

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தளங்களால் தனிப்பட்ட ஒரு பயனும் உண்டு. ரயில்வே, ராணுவம், வங்கி என்று மூன்று ஆண்டுக்கொரு முறை ஊர் மாறும் வீடுகளில், பிள்ளைகளின் தமிழ் அரைகுறையாக நின்றுவிடுகிறது. முன்பு அதற்குப் புத்தகம் கிடைப்பதே பாடாக இருந்தது. இன்று திக்‌ஷாவில் தமிழ்நாடு என்றும் தமிழ் வழி என்றும் தேர்ந்தெடுத்தால், நாக்பூரில் இருந்தாலும் கரக்பூரில் இருந்தாலும் தமிழ்நாட்டுப் பாடநூலின் பாடங்கள் திறக்கும். தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் வீடியோ பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மூத்தது 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், முனைவர் வா.செ. குழந்தைசாமி அவர்களின் வழிகாட்டுதலில் உருவாகி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. மழலைக் கல்வி முதல் சான்றிதழ், பட்டயம் வரை அங்கே உண்டு.

ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நாம் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால் பிள்ளை தமிழ் படிக்காது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். அதற்கு நம் சங்கம் ஏற்ற இடம். என் யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், நல்ல இணைய வசதி உள்ளவர்கள் அடுத்த வாரப் பாடங்களை இறக்கி வந்து, வசதி இல்லாத வீடுகளின் போன்களுக்குப் பகிரலாம். இரண்டாவது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்களைச் சேர்த்து, பழுது பார்த்து, சங்க நூலகத்தில் புத்தகம் போல இரவல் கொடுக்கலாம். என்னைப் போல ஓய்வு பெற்ற கைகள் இதற்குப் பல உண்டு. மூன்றாவது, பள்ளியிலிருந்து புதிய செயலி என்று சுற்றறிக்கை வந்தால், பெற்றோர் கூட்டத்தில் ஐந்து கேள்விகளை எழுப்பலாம். இணையம் இல்லாமல் ஓடுமா? ஒரே போனில் இரண்டு மூன்று பிள்ளைகள் பயன்படுத்தலாமா? பெற்றோருக்கான குறிப்பு எந்தெந்த மொழியில் வரும்? பிள்ளையின் விவரங்களை யார், எதற்காக வைத்திருக்கிறார்கள்? பழுதானால் யாரைக் கூப்பிடுவது?

இந்த ஐந்துக்கும் பள்ளி நிர்வாகம் நேரான பதில் சொன்னால் மகிழ்ச்சியோடு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால், பதில் வரும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருவர் கேட்டால் தொந்தரவு என்பார்கள். முப்பது பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்டால் வடிவமைப்பே மாறும்.

தாராவி வீட்டுப் பிள்ளைகளுக்கான அந்த இரவல் போன் திட்டத்தை அடுத்த செயற்குழுவில் வைக்க எண்ணியிருக்கிறேன். பழைய போன் வைத்திருக்கும் அன்பர்கள், சார்ஜரையும் சேர்த்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.